ஊராட்சிக்கு ஏற்ற கணினி: சிக்கனமும் லினக்ஸும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கிணறு வெட்டுவதும், சாலை போடுவதும், தெருவிளக்கு அமைப்பதும் நமக்குப் பழக்கமான பணிகள். அவற்றிற்கு என்ன கல், என்ன குழாய், என்ன கம்பி வேண்டும் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். தரம் குறைந்த குழாயைக் கொண்டுவந்து இறக்கினால், தட்டிப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவீர்கள். ஆயினும், கணினி வாங்கும்போது மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுத் தலையசைத்து விடுகிறோம். "இது பழையதாகிவிட்டது; இனி உதவாது; புதிது வாங்குங்கள்" என்று அவர் சொன்னால், நாமும் அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றி விடுகிறோம். அந்தத் தீர்மானத்தின்படி செலவாவது வீட்டு வரியாகவும் குடிநீர்க் கட்டணமாகவும் மக்கள் செலுத்திய பணம். ஆதலின், அதனைச் செலவிடுமுன் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நம் கடமையாகும்.

இப்பொழுது ஏன் இந்தப் பேச்சு?

நம் அலுவலகக் கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருள் இருந்து வந்தது. அதற்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை, அதனை வெளியிட்ட மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அதன்பின் திருத்தங்கள் கிடைக்கும். திருத்தம் பெறாத கணினி தாழ்ப்பாள் இல்லாத வீடு போன்றது. அதனை இணையத்துடன் இணைத்து ஊராட்சிக் கணக்கைப் பார்ப்பது நன்றன்று.

அடுத்ததாகிய விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபரில். அது இயங்க டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி கொண்ட கணினியாயின், பெரும்பாலும் 2017 ஆம் ஆண்டில் வரத் தொடங்கிய 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ ஆக இருத்தல் வேண்டும். ஆகவே, 2014 அல்லது 2015 இல் வாங்கிய கணினி நல்ல நிலையில் இருந்தாலும் இந்தப் புதிய மென்பொருளுக்கு அது தகுதி பெறாது. உழவு மாடு வலுவோடு நிற்கிறது. புதிதாக வந்த நுகத்தடிதான் அதன் கழுத்துக்குப் பொருந்தவில்லை. மாட்டை விற்றுவிடுவதா, பொருந்தும் நுகத்தடியைத் தேடுவதா? இதுவே இன்று நம்முன் உள்ள கேள்வி.

யூனிக்ஸ் என்பது என்ன?

பொருந்தும் நுகத்தடிகளுள் ஒன்றுதான் லினக்ஸ். அதன் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். 1973 இல் அதனைச் சி என்னும் மொழியில் மாற்றி எழுதினர். இதனால் விளைந்த பயன் பெரிது. அதுவரை ஓர் இயந்திரத்துக்கென எழுதியது அந்த இயந்திரத்தோடு முடிந்துவிடும். சி மொழியில் எழுதிய பின்னர், சிறிதளவு மாற்றங்களுடன் வேறு இயந்திரங்களுக்கும் அதனைக் கொண்டுசெல்ல இயன்றது. பலவகைக் கணினிகளிலும் இந்தக் குடும்பத்து மென்பொருள்கள் ஓடுவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

1983 இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள யூனிக்ஸ் போன்ற மென்பொருளைத் தருவதற்காகக் குனு திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் உட்கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்தே இன்று டெபியன், உபுண்டு முதலிய பெயர்களில் கிடைக்கின்றன. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் கணினிப் பாடம் பயில்வதும் லினக்ஸில்தான். உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. ஆகவே அது நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று.

விதை நெல்லை எண்ணிப் பாருங்கள். சொந்த விதையாயின் அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாம். பக்கத்து வயல்காரருக்கும் இரண்டு மரக்கால் கொடுக்கலாம். லினக்ஸ் அத்தகையது. ஒரு பென்டிரைவில் பதிந்துகொண்டால் பத்துக் கணினிகளில் நிறுவலாம். உரிமக் கட்டணம் இல்லை. சட்டத்துக்கு மாறானதும் அன்று.

பிரீபி.எஸ்.டி. போன்ற, பெர்க்லி பல்கலைக்கழக வழிவந்த யூனிக்ஸ் வகைகளும் உள்ளன. அவை உறுதியானவை. எனினும் மடிக்கணினி, வைஃபை போன்ற கருவிகளுக்கு லினக்ஸில் உள்ள ஆதரவு அவற்றினும் பரந்தது. புதிதாகத் தொடங்குவோர் லினக்ஸையே தேர்ந்தெடுப்பது நலம்.

முதலில் பணியை எழுதுங்கள்

கணினிக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, இந்தக் கணினியில் நாம் செய்யும் பணிகள் எவை என எழுதுங்கள். கடிதம், தீர்மான நகல், அட்டவணை ஆகியவற்றை லிப்ரேஆபிஸ் என்னும் கட்டணமில்லா மென்பொருளில் செய்துவிடலாம். அரசின் வலைத்தளங்களைப் பார்ப்பதற்குப் பயர்பாக்ஸ், குரோம் போன்ற உலாவிகள் லினக்ஸிலும் உள்ளன. தமிழ் எழுத்துக்கும் தடையில்லை. 1999 இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையை லினக்ஸிலும் அமைத்துக்கொள்ளலாம். யூனிகோடு எழுத்துக்கள் அதில் இயல்பாகவே தெரியும்.

கவனம் வேண்டுவது வேறிடத்தில். 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் தளத்தின் வழியே பணம் வழங்க மின்னணுக் கையொப்பச் சாவி தேவைப்படுகிறது. கைரேகைக் கருவி சில பணிகளுக்கு வேண்டும். இத்தகைய கருவிகளில் சிலவற்றுக்கு லினக்ஸ் மென்பொருள் உண்டு. சிலவற்றுக்கு விண்டோஸ் மட்டுமே உண்டு. சாவி வேலை செய்யாவிட்டால் தூய்மைப் பணியாளரின் ஊதியமும் குழாய் பழுதுபார்த்தவரின் பட்டியலும் நின்றுபோகும். ஆகையால், உங்களிடம் உள்ள அதே சாவியையும் அதே கருவியையும் செருகி, பணி முழுவதும் நடைபெறுகிறதா எனப் பார்த்த பின்னரே மாற்றம் செய்யுங்கள். நடைபெறவில்லையெனில், திருத்தங்கள் பெறும் விண்டோஸ் கணினி ஒன்றை அந்தப் பணிக்கென வைத்துக்கொண்டு, மற்றவற்றை மட்டும் லினக்ஸுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்னும் பிடிவாதம் கூடாது.

பல்லைப் பிடித்துப் பார்த்தல்

சந்தையில் மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், நடக்கவிட்டுப் பார்ப்பர். கணினிக்கும் அத்தகைய அடையாளங்கள் உண்டு.

முதலாவது, செயலி. அது 64 பிட் வகையாக இருத்தல் வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. உபுண்டு அதற்கு முன்னரே கைவிட்டது. இன்டெல் செயலியின் வயதை அதன் எண்ணே சொல்லிவிடும். ஐ5-4570 என்றிருந்தால் 4 ஆம் தலைமுறை. ஐ5-8500 என்றிருந்தால் 8 ஆம் தலைமுறை. ஐ5-10400 என்றிருந்தால் 10 ஆம் தலைமுறை. 'ஐ5 கணினி' என்று மட்டும் சொல்லி விற்போரிடம் பின்னுள்ள எண்ணைக் கேளுங்கள். ஊராட்சிப் பணிக்கு 4 ஆம் தலைமுறையே லினக்ஸில் போதும். புதிதாகப் பணம் கொடுத்து வாங்குவதாயின் 8 ஆம் தலைமுறைக்குக் குறையாமல் வாங்குங்கள். பின்னாளில் விண்டோஸ் 11 வேண்டியிருந்தாலும் அதற்கும் பயன்படும்.

இரண்டாவது, ராம் எனப்படும் நினைவகம். 4 ஜி.பி. குறைந்த அளவு, 8 ஜி.பி. சௌகரியமான அளவு. உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தால் நினைவகம் விரைவில் நிறைந்துவிடும். கூடுதலாக வாங்கும்போது வகையைப் பாருங்கள். டி.டி.ஆர். 3 உள்ள பலகையில் டி.டி.ஆர். 4 பொருந்தாது. சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் பின்னர் கூட்ட இயலாது.

மூன்றாவது, சேமிப்பு வட்டு. பழைய கணினி மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அது நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 மெகாபைட் வரை படிக்கும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 500 மெகாபைட் படிக்கும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இதனினும் மிகப் பெரிது. 240 அல்லது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. அலுவலகத்துக்குத் தாராளம்.

நான்காவது, வைஃபை. இன்டெல் சில்லுகளும் ஏதரோஸ் சில்லுகளும் லினக்ஸில் பெரும்பாலும் தாமாகவே இயங்கும். பிராட்காம் சில்லுகள் சிலவற்றிலும், மலிவாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. வைஃபை துண்டுகளிலும் தொல்லை நேர்வதுண்டு. கேபிள் இணைப்பு உள்ள இடத்தில் கேபிளே நம்பத்தக்கது.

ஐந்தாவது, திரைக்கான சில்லு. செயலியோடு சேர்ந்து வரும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சில்லு நமக்குப் போதுமானது. விளையாட்டுக்கென விற்கும் தனி அட்டைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆறாவது, அச்சுப்பொறி. கணினியினும் அச்சுப்பொறியே லினக்ஸில் அதிகத் தொல்லை தருவது. விண்டோஸ் மென்பொருள் மட்டும் உள்ள அச்சுப்பொறிகள் இன்றும் பல அலுவலகங்களில் உள்ளன. புதிதாக வாங்கும்போது, ஏர்பிரிண்ட் அல்லது ஐ.பி.பி. எவ்ரிவேர் என்று குறித்துள்ள பொறியை வாங்கினால், தனி மென்பொருள் இன்றியே லினக்ஸில் அச்சாகும். எச்.பி. நிறுவனம் தன் பொறிகளுக்கு லினக்ஸ் மென்பொருளைத் தானே வெளியிடுகிறது.

நான்கு வழிகள்

முதல் வழி, இருப்பதைச் செப்பனிடுதல். நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் மட்டும் வாங்கி மாட்டுவது. எங்கள் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில் 4 ஆம் தலைமுறை ஐ3 கணினி ஒன்று, 2 ஜி.பி. நினைவகத்தோடு தள்ளாடிக் கொண்டிருந்தது. அவ்வூர்த் தலைவர் அம்மையார் செயலரிடம், "ஏன் தம்பி, இது திறப்பதற்குள் நான் உலை வைத்துச் சோறு வடித்துவிடுவேன் போலிருக்கிறதே!" என்றார். "ஆமாங்கம்மா, புதிது வாங்கத் தீர்மானம் போட்டுவிடலாம்" என்றார் செயலர். "பொறு தம்பி, கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோமா, வீட்டையே இடிப்போமா?" என்றார் அம்மையார். நினைவகத்தை 6 ஜி.பி. ஆக்கி, எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் நிறுவினர். கணினி ஒரு நிமிடத்துக்குள் திறந்தது. ஆனால் அங்கிருந்த அச்சுப்பொறி லினக்ஸில் ஓடவில்லை. அதனை விண்டோஸ் உள்ள அலுவலகம் ஒன்றுக்குத் தந்து, அங்கிருந்த பொறியை மாற்றிப் பெற்ற பின்னரே வேலை முழுமை அடைந்தது. அச்சுப்பொறியை முன்னரே சோதிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதுபற்றியே.

இரண்டாம் வழி, புதுப்பிக்கப்பட்ட கணினி. பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்தித் தள்ளிவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர், திங்க்பேட், எச்.பி. எலைட்டெஸ்க் முதலியவை சந்தையில் கிடைக்கின்றன. உறுதியாகச் செய்யப்பட்டவை, லினக்ஸும் அவற்றில் நன்கு ஓடும். விவசாயிகளும், உழவர் குழுக்களும், இளைஞர் மன்றங்களும் இவ்வழியை எண்ணிப் பார்க்கலாம். வாங்கும்போது பில் பெறுங்கள். அதில் கணினியின் வரிசை எண் இருத்தல் வேண்டும். பயாஸ் கடவுச்சொல் பூட்டு இல்லையென உறுதி செய்யுங்கள். பூட்டிய கணினி சாவியில்லாப் பெட்டி. சிறுவகைக் கணினிகளுக்கு உரிய மின் அடாப்டரையும் உடன் கேட்டு வாங்குங்கள். ஊராட்சி நிதியிலிருந்து வாங்குவோர், 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தையும் நடைமுறை விதிகளையும் அனுசரித்தே வாங்குதல் வேண்டும். பழைய பொருளை வாங்க விதி இடந்தருகிறதா என அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

மூன்றாம் வழி, புதிய சிறு கணினி. கைப்பிடியில் அடங்கும் மினி பி.சி.க்களை இயக்க மென்பொருள் இன்றியே வாங்கலாம். உரிமக் கட்டணம் மிச்சமாகும். மின்சாரமும் மிச்சமாகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து 100 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 2400 மணி. ஆகவே 240 யூனிட். சிறு கணினியும் திரையும் 40 வாட் இழுத்தால் 96 யூனிட். ஆண்டுக்கு 144 யூனிட் குறையும். அதே யு.பி.எஸ். மின்தடை வேளையில் முன்னிலும் நெடுநேரம் தாங்கும். அடிக்கடி மின்சாரம் போகும் ஊர்களுக்கு மடிக்கணினியும் ஏற்றதே. அதன் பேட்டரியே சிறிய யு.பி.எஸ். ஆகும்.

நான்காம் வழி, ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தில் 2012 இல் மாணவர்களுக்கென வெளிவந்த உள்ளங்கையளவுப் பலகை இது. நூலகத்தில் பிள்ளைகள் கற்கவும், தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளக்கும் கருவியை இயக்கவும் நன்று. ஆயினும் அதன் செயலி ஆர்ம் வகையைச் சேர்ந்தது. கையொப்பச் சாவி போன்ற கருவிகளுக்குரிய மென்பொருள் பெரும்பாலும் இன்டெல் வகைக்கே கிடைப்பதால், ஊராட்சி அலுவலகத்தின் ஒரே கணினியாக அதனை நம்பலாகாது. பலகையின் விலையை மட்டும் பார்த்து மயங்கவும் வேண்டா. மின் அடாப்டர், பெட்டி, நினைவு அட்டை, திரை, விசைப்பலகை எல்லாம் தனித்தனியே வாங்கிச் சேர்த்தபின் புதுப்பித்த கணினியின் விலையை அது எட்டிவிடுவதும் உண்டு.

நடக்கவிட்டுப் பார்த்தல்

லினக்ஸில் ஒரு பெரிய வசதி உண்டு. அதனைப் பென்டிரைவில் பதிந்து, கணினியில் எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். கடைக்குப் போகும்போது அந்தப் பென்டிரைவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். படித்த இளைஞர் ஒருவரையும் துணைக்கு அழையுங்கள். அவ்விடத்திலேயே ஆறு சோதனைகள் செய்யுங்கள்: வைஃபை இணைகிறதா? ஒலி கேட்கிறதா? அச்சாகிறதா? தமிழ் எழுத்து வருகிறதா? மூடித் திறந்தால் மடிக்கணினி விழிக்கிறதா? கையொப்பச் சாவியை அது அறிகிறதா? இவற்றுக்கு அரைமணி நேரமே ஆகும். அவ்வாறு பார்க்க விடமாட்டேன் என்னும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

நிறுவுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு, மறவாதீர்கள். நிறுவும்போது வட்டிலுள்ளவை அழிந்துபோகக் கூடும். ஆகவே வரிப் பதிவேடு, தீர்மானங்கள், கணக்குகள் அனைத்தையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து, நகலைத் திறந்தும் பார்த்த பின்னரே நிறுவத் தொடங்குங்கள். கழற்றிய பழைய வட்டில் மக்களின் ஆதார் எண்களும் வங்கி விவரங்களும் இருக்கலாம். அதனை முற்றும் அழிக்காமல் எவருக்கும் கொடுத்தல் ஆகாது. உடைந்த பாகங்களைக் குப்பைமேட்டில் எரிக்கவும் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

"ஐயா, இது கெட்டுப்போனால் எங்களூரில் யார் பார்ப்பார்?" என்று விவசாயிகள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்வி. பாகங்கள் கெட்டால் எல்லாக் கணினிக் கடையிலும் பார்ப்பார்கள்; வட்டும் நினைவகமும் எந்த மென்பொருளுக்கும் பொதுவானவை. மென்பொருளுக்குத்தான் ஆள் வேண்டும். ஆகவே ஊராட்சிக்கு ஊராட்சி வெவ்வேறு வகையை நிறுவாதீர்கள். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் கூடி ஒரே வகையை, அதுவும் ஐந்தாண்டு திருத்தம் கிடைக்கும் நீண்டகாலப் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. ஓர் ஊரின் செயலர் கற்றுக்கொண்டது அப்பொழுதுதான் அடுத்த ஊருக்கும் உதவும்.

"இலவசமாகக் கிடைப்பதில் பாதுகாப்பு இருக்குமா?" என்பது மற்றொரு கேள்வி. எழுதிய நிரல் யாவரும் பார்க்கும்படி வெளியே இருப்பதால், குற்றங்களைப் பலர் கண்டு திருத்துகின்றனர். ஆயினும் திருத்தங்களை வாரந்தோறும் ஏற்றுக்கொள்வதும், கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைக்காதிருப்பதும் நம் கையில் உள்ளன. காவலாளி எத்துணை நல்லவனாயினும் கதவை நாம்தான் சாத்த வேண்டும்.

அன்பர்களே! எல்லா ஊராட்சிகளும் உடனே லினக்ஸுக்கு மாறவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 'பழையது, உதவாது' என்னும் ஒரு சொல்லுக்காக நல்ல கணினியைத் தூக்கி எறியாதீர்கள் என்றே வேண்டுகிறேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் கணினி வாங்கும் தீர்மானம் வருமாயின், உறுப்பினர்கள் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இருக்கும் கணினியின் செயலி எண் யாது? நினைவகம் எவ்வளவு? வட்டு எவ்வகை? லினக்ஸ் பென்டிரைவை இட்டுச் சோதித்தாயிற்றா? இவற்றுக்கு விடை வந்த பின்னர், கடைகள் மூன்றிலாவது எழுத்து மூலம் விலை பெற்று, எதனை வாங்குவது, எதனைச் செப்பனிடுவது என்று முடிவு செய்யுங்கள். மிஞ்சும் பணம் ஒரு தெருவுக்கு விளக்காகவோ, பள்ளி நூலகத்துக்கு ஒரு கணினியாகவோ பயன்படட்டும்.